செக் சொல்லிவிட்டு ஏற்றுவது: போக்கரில் செக்-ரெய்ஸ்

மூணு சீட்டு ஆடிப் பழகியவர்கள் போக்கருக்கு வந்தால் முதலில் தடுமாறுவது ‘செக்’ என்ற சொல்லில்தான். மூணு சீட்டில் முறை வந்தால் காசைப் போட வேண்டும், இல்லையென்றால் சீட்டைப் போட வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்க வழியில்லை. போக்கரில் வழி உண்டு. நடுவில் முதல் மூன்று பொதுச் சீட்டு (ஃபிளாப்) விழுந்த பிறகு, அந்தச் சுற்றில் இதுவரை யாரும் பந்தயம் கட்டவில்லை என்றால், மேசையை விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு முறையை அடுத்தவரிடம் தள்ளிவிடலாம். அதுதான் செக். ஆட்டத்திலும் இருக்கிறோம், ஒரு சிப் கூடச் செலவாகவில்லை.

செக் சொன்னவரைப் பார்த்ததும், ‘பாவம், கையில் ஒன்றும் இல்லை போல’ என்று எதிரே இருப்பவருக்குத் தோன்றும். அவர் பந்தயம் கட்டுவார். சுற்றிக்கொண்டு முறை மறுபடி நம்மிடம் வரும். அப்போது அவர் கட்டியதை ஈடுகட்டி அதற்கு மேலும் ஏற்றினால், அது செக்-ரெய்ஸ்.

விளக்கம் இரண்டு வரியில் முடிந்துவிட்டது. ஆனால் எப்போது செய்வது என்பதில்தான் புதியவர்கள் சிப்பை இழக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் “என் சீட்டு அவ்வளவு பலமா?” என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். அதற்கும் முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: “நான் செக் சொன்னால் அவர் கட்டுவாரா?” இந்த ஆட்டத்தில் பாதி வேலையை எதிராளி செய்து தர வேண்டும். அவர் செய்யாவிட்டால் நம் திட்டம் அந்தரத்தில் நிற்கும்.

நான் பேசுவது டெக்ஸஸ் ஹோல்டெம் ஆட்டத்தைப் பற்றி. கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று (ஃபிளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பந்தயச் சுற்று. நடுவில் சேரும் சிப்களை ‘பாட்’ என்பார்கள். ‘இல்’ சேர்த்தால் அது பாட்டில் ஆகிவிடுகிறது என்பதால் நான் குவியல் என்றே எழுதுகிறேன். இன்னொன்று, இணையத்தில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. எனவே இந்தக் கட்டுரையில் வரும் சிப் எல்லாம் வெறும் பிளாஸ்டிக் வில்லைகள். எங்கள் வீட்டு மாடியில் அதுவும் கிடையாது, புளியங்கொட்டைதான்.

சரி, இப்படிச் சுற்றி வளைத்து ஏற்ற வேண்டிய அவசியம் என்ன? நேராகவே பந்தயம் கட்டினால் என்ன?

காரணம் உட்காரும் இடம். போக்கரில் கடைசியாகப் பேசுபவருக்குத்தான் வசதி. மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டு அவர் முடிவெடுக்கலாம். முதலில் பேசுபவர் இருட்டில் நடக்கிறார். எல்லோரும் முதலில் பேசுபவரை மிதித்துக்கொண்டே போகலாம் என்ற நிலை இருந்தால், அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் தோற்றுக்கொண்டேதான் இருப்பார். அவர் கையில் இருக்கும் முக்கியமான ஆயுதம் செக்-ரெய்ஸ். “இவர் செக் சொன்னாலும் நம்ப முடியாது, திருப்பி அடிப்பார்” என்ற பயம் எதிராளிக்கு ஒருமுறை வந்துவிட்டால், அடுத்தமுறை அவர் நம் செக்கைப் பார்த்து யோசிப்பார். சில சமயம் அவரும் செக் சொல்லி, நமக்கு ஒரு சீட்டை இலவசமாகக் காட்டிவிடுவார். அதுவும் லாபம்தான்.

ஒரு காலத்தில் இதை நாகரிகமில்லாத ஆட்டம் என்றே சிலர் நினைத்தார்கள். நல்ல சீட்டை வைத்துக்கொண்டு இல்லாததுபோல் நடிப்பதை அமெரிக்காவில் ‘சாண்ட்பேகிங்’ என்று கொஞ்சம் இளக்காரமாகச் சொல்வார்கள். வீட்டு ஆட்டங்கள் பலவற்றில் செக்-ரெய்ஸ் கூடாது என்று விதியே இருந்தது. மிகச் சிறிய கை வெல்லும் லோபால் என்ற ஆட்டத்தின் ஒரு வகையில், சீட்டு மாற்றிய பிறகு, பெரிய சீட்டே ஏழாக இருக்கும் கை அல்லது அதைவிட நல்ல கை வைத்துக்கொண்டு செக் சொன்னால், அதன்பின் விழும் பந்தயத்தை அந்தக் கையால் ஜெயிக்க முடியாது என்று இன்றைக்கும் விதி உண்டு. ஹோல்டெம் ஆட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. சூதுவாது தெரியாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதும் ஆட்டத்தில் சேர்த்திதான். ஆனாலும் நண்பர் வீட்டில் முதன்முறையாக ஆடப் போகிறீர்கள் என்றால், ஆரம்பிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போது ஒரு கையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போட வேண்டிய பந்தயம்தான் பிளைண்ட். சின்ன பிளைண்ட் 10, பெரிய பிளைண்ட் 20. ஆளுக்கு 2000 சிப். நீங்கள் பெரிய பிளைண்டில் இருக்கிறீர்கள். பட்டனில் (ஃபிளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இடம்) இருப்பவர் 50 ஆக்குகிறார், சின்ன பிளைண்ட் சீட்டை வீசிவிடுகிறார், நீங்கள் இன்னும் 30 போட்டு ஈடுகட்டுகிறீர்கள். குவியலில் 110. உங்கள் கையில் இரண்டு ஆறு. ஃபிளாப்பில் ஆட்டின் (ஹார்ட்) ராஜா, ஸ்பேடு ஆறு, டைமன் இரண்டு. உங்களிடம் மூன்று ஆறு சேர்ந்துவிட்டது.

முதலில் பேச வேண்டியவர் நீங்கள். நேராக 50 கட்டுகிறீர்கள், அவர் ‘கால்’ செய்கிறார், அதாவது ஈடுகட்டுகிறார் என்று வையுங்கள். குவியல் 210. டர்னில் குவியல் அளவுக்கே 210 கட்டினால் 630 ஆகும். ரிவரில் மறுபடி அதே அளவு, 630. அவர் எல்லாவற்றுக்கும் ஈடுகொடுத்தாலும் கடைசியில் அவர் கையில் 1060 மிச்சம் இருக்கும். மூன்று ஆறு கிடைத்தும் பாதி சிப்தான் வந்தது.

அதையே மாற்றி ஆடுங்கள். செக் சொல்கிறீர்கள். ஃபிளாப்புக்கு முன் ஏற்றியவர் அவர், ராஜா விழுந்திருக்கிறது, அவரிடம் ராஜா இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருப்பதுபோல் காட்டிக்கொள்ள ஆசை வரும். 50 கட்டுகிறார். நீங்கள் 160 ஆக்குகிறீர்கள். அவரிடம் ஏஸும் ராஜாவும் இருந்தால் லேசில் விடமாட்டார், கால் செய்வார். இப்போது குவியல் 430. டர்னில் 430, அவர் ஈடுகட்டினால் 1290. ரிவரில் 1290. அதற்கும் ஈடுகட்டினால் அவரிடம் 70 சிப்தான் பாக்கி. ஃபிளாப்பில் கூடுதலாகப் போன 110 சிப், கடைசியில் கிட்டத்தட்ட ஆயிரம் சிப் வித்தியாசமாக வளர்ந்து நிற்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பந்தயம் குவியலைப் பார்த்துத்தான் வளரும். அதனால் குவியலைச் சீக்கிரமே பெருக்கி வைப்பவருக்கு மேலும் மேலும் வரும். வட்டிக்கு வட்டி மாதிரி.

இதில் எங்கே சறுக்கும்? அவர் கட்டாமல் தானும் செக் சொல்லிவிட்டால். நான் சீட்டில் புதுசாக இருந்தபோது, இரண்டு ஜோடி சேர்ந்துவிட்ட சந்தோஷத்தில், பூனை மாதிரி உட்கார்ந்து செக் சொன்னேன். எதிரே இருந்தவர் எங்கள் கூட்டத்திலேயே பயந்தாங்கொள்ளி. நல்ல கை இருந்தால் ஒழியக் கட்டவே மாட்டார். அவரும் மேசையைத் தட்டினார். டர்னில் விழுந்தது அவருக்கு வரிசையை நிறைவாக்கிய சீட்டு. நான் கட்டியிருந்தால் அந்த ஒரு சீட்டைப் பார்க்க அவர் காசு கொடுத்திருக்க வேண்டும், அல்லது வீசியிருப்பார். நானே இலவசமாகக் காட்டிவிட்டு, பிறகு ரிவரில் அவருக்கு என் புளியங்கொட்டைகளையும் எண்ணிக் கொடுத்தேன். அன்றைக்கு என் சீட்டில் ஒரு தப்பும் இல்லை. ஆளைப் பார்க்காததுதான் தப்பு.

ஆகவே ஆள் முக்கியம். ஃபிளாப்புக்கு முன் ஏற்றியவர் ஃபிளாப்பிலும் தொடர்ந்து கட்டுவது வழக்கம். எதிரே ஒரே ஒருவர்தான் இருந்தால் இன்னும் துணிவாகக் கட்டுவார். துறுதுறுவென்று கை நீட்டுபவர், யார் செக் சொன்னாலும் பாய்பவர், இவர்கள்தான் செக்-ரெய்ஸுக்குத் தோதான ஆட்கள். எதற்கெடுத்தாலும் கால் செய்துகொண்டு, தானாக ஒருநாளும் கட்டாதவர் இருந்தால் இந்த வித்தையையே மறந்துவிடுங்கள். அவரிடம் நல்ல கையோடு நேராகக் கட்டுவதுதான் சம்பாத்தியம், அவர்தான் எப்படியும் ஈடுகட்டுவாரே.

ஃபிளாப் எப்படி விழுந்திருக்கிறது என்பதும் கணக்கு. ஏஸ், ராஜா, ராணி என்று பெரிய சீட்டாக விழுந்தால், முதலில் ஏற்றியவருக்குத்தான் அது பொருந்தும். 7, 6, 4 என்று சின்ன சீட்டாக, அடுத்தடுத்து விழுந்தால் நிலைமை வேறு. பெரிய பிளைண்டில் இருப்பவர் ஏற்கெனவே 20 போட்டுவிட்டதால், சின்ன ஜோடி, 8-5, 6-5 போன்ற கைகளோடும் மலிவாக உள்ளே வந்திருப்பார். இரண்டு ஜோடி, வரிசை எல்லாம் அவரிடம் இருக்க நியாயம் அதிகம். அங்கே அவர் செக்-ரெய்ஸ் செய்தால் நம்பும்படியாக இருக்கும். ஏஸ்-ராஜா-ராணி ஃபிளாப்பில் அதே ஆள் ஏற்றினால், எதிராளி “இதெல்லாம் உன்னிடம் இருந்தால் ஃபிளாப்புக்கு முன்பே ஏற்றியிருப்பாயே” என்று கணக்குப் போட்டுவிடுவார்.

இதுவரை நல்ல கையைப் பற்றியே பேசினேன். நல்ல கையோடு மட்டும் செக்-ரெய்ஸ் செய்பவரை நான்கு ஆட்டத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் ஏற்றியதும் எல்லோரும் சீட்டை வீசிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அதனால் கொஞ்சம் கலப்படம் வேண்டும். கலப்பதற்கு ஏற்றது, இப்போது ஒன்றும் இல்லாத, ஆனால் ஒரு சீட்டு விழுந்தால் பெரிதாக மாறக்கூடிய கை.

உங்கள் கையில் ஆட்டின் 8, ஆட்டின் 7. ஃபிளாப்பில் ஆட்டின் ராணி, கிளாவர் 6, ஆட்டின் 2. இன்னொரு ஆட்டின் விழுந்தால் ஐந்தும் ஒரே ஜாதி, அதாவது ஃபிளஷ். சீட்டுக்கட்டில் மிச்சம் ஒன்பது ஆட்டின் இருக்கிறது. டர்ன், ரிவர் இரண்டும் பார்க்கக் கிடைத்தால் அதில் ஒன்று விழ வாய்ப்பு சுமார் 35 சதவீதம். குவியல் பழையபடி 110, அவர் 50 கட்டுகிறார், நீங்கள் 150 ஆக்குகிறீர்கள். அவர் வீசிவிட்டால் 160 உங்களுக்கு. அவர் கால் செய்தால் குவியல் 410 ஆகும். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கட்டவில்லை என்று வைத்துக்கொண்டால், 410இல் உங்கள் பங்கு 35 சதவீதம், அதாவது ஏறக்குறைய 143. நீங்கள் போட்டது 150. மாட்டிக்கொண்டாலும் சராசரியாக ஏழு சிப்தான் நஷ்டம், மாட்டாவிட்டால் 160 லாபம்.

கையில் ஒரு வாய்ப்பும் இல்லாமல் இதையே வெறும் பயமுறுத்தலாகச் செய்தால்? 160ஐ எடுக்க 150ஐப் பணயம் வைக்கிறீர்கள். அவர் பத்துக்கு ஐந்து முறையாவது வீசினால்தான் கையைக் கடிக்காது. புதியவர்கள் வெறும் கையோடு செக்-ரெய்ஸ் செய்வதை ஆறு மாதத்துக்கு ஒத்திப்போடலாம் என்பது என் அபிப்பிராயம். உண்மையில் டர்னிலும் ரிவரிலும் பந்தயம் தொடரும் என்பதால் மேலே சொன்ன கணக்கு கச்சிதமானது இல்லை. அவர் மொத்த சிப்பையும் தள்ளி உங்களைத் திணறடிக்கவும் கூடும். ஆனாலும் எந்தக் கையை எடுப்பது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

எவ்வளவுக்கு ஏற்றுவது? விதிப்படி குறைந்தது இருமடங்கு, அவர் 50 கட்டினால் நீங்கள் 100. ஆனால் அந்த 100 பெரும்பாலும் வீண். குவியலில் 260 கிடக்கிறது, அவர் இன்னும் 50 போட்டால் போதும். ஆறில் ஒரு முறை ஜெயித்தாலே அவருக்குக் கட்டுப்படியாகும், குப்பைக் கையோடும் ஒட்டிக்கொள்வார். ஃபிளாப்பில் அவர் கட்டியதைப்போல் மூன்று மடங்கு என்பது பழகுவதற்கு நல்ல அளவு. நல்ல கைக்கும் அரைகுறைக் கைக்கும் ஒரே அளவு ஏற்றுங்கள். பலமான கைக்கு 130, பயமுறுத்த 220 என்று வைத்துக்கொண்டால் எதிராளி சீட்டைப் பார்க்கவே தேவையில்லை, தொகையைப் பார்த்தே படித்துவிடுவார்.

மூன்று நான்கு பேர் உள்ளே இருந்தால் ஒரு நுணுக்கம் இருக்கிறது, எனக்கு இதில் தனி ருசி. யார் கட்டுவார் என்று எதிர்பார்க்கிறீர்களோ அவர் உங்களுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறாரா, கடைசியில் உட்கார்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். அடுத்த ஆள் கட்டினால், மற்றவர்கள் எல்லோரும் உங்களுக்கு முன்னால் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டு பேர் கால் செய்துவிட்டு நிம்மதியாகச் சாய்ந்திருக்கும்போது நீங்கள் ஏற்றுகிறீர்கள். அவர்கள் சிப் ஏற்கெனவே உள்ளே மாட்டிக்கொண்டது. கை மிகப் பலமாக இருந்தால் இதுதான் வேண்டும். மாறாக, கட்டுபவர் கடைசி ஆள் என்றால், செக் சொல்லிவிட்டு நடுவில் இருப்பவர்கள் பந்தயத்தையும் உங்கள் ஏற்றத்தையும் ஒரே சமயத்தில் எதிர்கொள்ள வேண்டும். பெரும்பாலும் ஓடிவிடுவார்கள். முன்னணியில் இருந்தாலும் எளிதில் மிஞ்சப்படக்கூடிய கைக்கு, கூட்டத்தைக் குறைக்க இது உதவும். அதே செக்-ரெய்ஸ், ஒரு நாற்காலி மாறினால் ஒன்று கூட்டத்தை உள்ளே இழுக்கிறது, மற்றது வெளியே தள்ளுகிறது.

பதுங்குவதையும் செக்-ரெய்ஸையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 1988இல் லாஸ் வேகஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி, கடைசிக் கை. ஜானி சான் கையில் கிளாவர் ஜாக்கியும் ஒன்பதும். ஃபிளாப்பில் ராணி, பத்து, எட்டு. எட்டு முதல் ராணி வரை வரிசை முடிந்துவிட்டது. எரிக் சைடலிடம் ஒரு ராணி. சான் பலத்தைக் காட்டாமல் அடங்கியே இருந்தார். கடைசிச் சீட்டு விழுந்ததும் சைடல் தன்னிடம் இருந்த அத்தனையையும் தள்ளினார், சான் ஈடுகட்டி, தொடர்ந்து இரண்டாவது ஆண்டாகப் பட்டத்தை எடுத்துக்கொண்டார். இது பதுங்கல், எதிராளி தானே வந்து விழும்வரை காத்திருப்பது. செக்-ரெய்ஸ் அப்படிக் காத்திருக்காது, அதே சுற்றிலேயே திரும்பிப் பாய்ந்து, “என்னிடம் பலம் இருக்கிறது” என்று உரக்கச் சொல்லிவிடும். பதுங்கும் கைக்கு அடுத்த சீட்டு எது விழுந்தாலும் பெரிய பயம் இருக்கக் கூடாது. இரண்டு ஆட்டின் ஃபிளாப்பில் கிடக்கிறது, உங்களிடம் இரண்டு ஜோடி என்றால் பதுங்காதீர்கள், அங்கேயே ஏற்றுங்கள்.

புதியவர்கள் அதிகம் செய்யும் தப்பு நடுத்தரக் கையோடு ஏற்றுவது. ராணி விழுந்த ஃபிளாப்பில் உங்களிடம் ராணியும் ஏழும். முன்னால் இருப்பதுபோல்தான் தெரிகிறது. ஏற்றினால் என்ன நடக்கும்? உங்களைவிட மட்டமான கை எல்லாம் வீசப்படும், ராணியோடு ஏஸோ ராஜாவோ வைத்திருப்பவர் மட்டும் சந்தோஷமாக ஈடுகட்டுவார். தோற்கடிக்க வேண்டியவர்களை விரட்டிவிட்டு, தோற்கடிப்பவரை வீட்டுக்கு அழைத்து உட்கார வைக்கிறீர்கள். அந்தக் கைக்கு வெறும் கால் போதும்.

இன்னொரு சின்ன விஷயம், நேரில் ஆடும்போது. ஏற்றப் போகிறீர்கள் என்றால் வாயால் “ரெய்ஸ்” என்று முதலில் சொல்லிவிடுங்கள். 50ஐ முன்னால் வைத்துவிட்டு, யோசித்து, மறுபடி கையை இழுத்து இன்னொரு நூறை வைத்தால் அது செல்லாது, கால் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம், நம்மீது யாராவது செக்-ரெய்ஸ் செய்தால்? ஃபிளாப்பில் என்றால் உடனே பயந்து ஓட வேண்டாம். அவரும் எட்டு-ஏழு வைத்துக்கொண்டு விளையாடலாம், நல்ல ஜோடி இருந்தால் ஒரு சீட்டாவது கூடப் பாருங்கள். டர்னில் வந்தால் இரண்டு முறை யோசியுங்கள். ரிவரில், அதுவும் எப்போதும் அமைதியாக ஆடும் ஆளிடமிருந்து வந்தால், அது நடிப்பாக இருப்பது அபூர்வம். இனி விழச் சீட்டில்லை, நீங்கள் கட்டுவீர்கள் என்று நம்பி அவ்வளவு நேரம் மேசையைத் தட்டிக்கொண்டு காத்திருந்தவர் அவர். எங்கள் மாடிக் கச்சேரியில் அப்படி ஏற்றியவரை நான் மூன்று முறை ‘பார்க்கலாமே’ என்று ஈடுகட்டியிருக்கிறேன். மூன்று முறையும் பார்த்தேன்.